முடி நட எஃப்.யூ.இ.யா, எஃப்.யூ.டி.யா? பிடரியைப் பார்த்து முடிவெடுங்கள்

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். ஊர் கடலூர்ப் பக்கம். சென்னைக்கு வந்து, முடி நடும் சிகிச்சை செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இடம் மாறியிருக்கிறதே தவிர வேலை மாறவில்லை. பிடரியிலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுக்கும் முடி வேர்களை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், காய்ந்துவிடாமல் குளிர்ந்த சலைனில் வைத்திருக்க வேண்டும். வருபவர்கள் குப்புறப் படுத்திருப்பார்கள் என்பதால், அவர்களின் முகத்தைவிடப் பின்மண்டைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

சொந்தக்காரப் பையன்கள், அவர்களுடைய நண்பர்கள், மேல்மாடியில் குடியிருக்கும் ஐ.டி. தம்பி என்று எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். எஃப்.யூ.இ. பண்ணலாமா, எஃப்.யூ.டி. பண்ணலாமா, டி.எச்.ஐ. என்று புதுசாக வந்திருக்கிறதாமே? எஃப்.யூ.இ. என்றால் பிடரி முடியை ஒவ்வொரு கொத்தாக எடுத்து நடுவது, எஃப்.யூ.டி. என்றால் தோலைப் பட்டையாக எடுத்து, அதிலிருந்து பிரித்து நடுவது. டி.எச்.ஐ. பற்றிப் பின்னால் சொல்கிறேன். கேட்பவருக்கு 23, 24 வயது இருக்கும். கொஞ்சம் திரும்பி உட்காருங்க தம்பி, பிடரியைப் பார்க்கணும் என்பேன். எந்த முறை என்பதைப் பிடரிதான் சொல்லும். இன்றைக்கு அங்கே எவ்வளவு முடி இருக்கிறது, 45 வயதில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு முறை தானாகவே முடிவாகிவிடும்.

இது வழுக்கைதானா என்று முதலில் பாருங்கள்

டெங்கு, டைஃபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஜிம்மில் சேர்ந்த வேகத்தில் சோற்றை ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் கொட்டும். இது தலை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். காரணம் நீங்கினால் சில மாதத்தில் தானே திரும்பி வந்துவிடும், ஊசியும் வேண்டாம் கத்தியும் வேண்டாம். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய காரணங்களும் உண்டு. காசு அளவுக்கு வட்டமாகத் திடீரென்று உதிர்ந்தால் அது புழுவெட்டு. அதற்கு மருந்துதான், நடவு இல்லை. சென்னை போர் தண்ணீரைத் திட்டாதவர்களே கிடையாது. உப்புத் தண்ணீரில் முடி முரடாகும், நுனி உடையும். ஆனால் வழுக்கையை உண்டாக்குவது அது இல்லை.

ஆண்களுக்கு வரும் வழுக்கைக்கு ஒரு வரிசை உண்டு. நெற்றியின் இரண்டு ஓரமும் மேலேறும், உச்சியில் வட்டம் விழும், அப்புறம் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு முன்தலை, உச்சி வேர்கள் வளைந்துகொடுத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். பிடரியிலும் காதுக்கு மேலேயும் உள்ள வேர்கள் பெரும்பாலும் அசைவதில்லை. அந்த வேரைப் பிடுங்கி முன்னால் வைத்தாலும் அது பிடரியின் குணத்தோடுதான் வளரும் என்று நியூயார்க்கில் நார்மன் ஆரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959-இல் எழுதினார். இன்றைக்கு எந்தப் பெயரில் விற்கிற முறையும் அந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கிறது.

வழுக்கையை ஏழு படியாகப் பிரித்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஹாமில்டன் 1951-இல் போட்டதை நார்வுட் 1975-இல் திருத்தியது. நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள். அப்பா, சித்தப்பா, மாமா, தாத்தா எந்தப் படியில் போய் நின்றார்கள் என்பதை வீட்டு ஆல்பத்தில் பாருங்கள். அம்மா வழி மட்டும்தான் வரும் என்பது கதை. இரண்டு வழியிலும் வரும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். டெர்மாஸ்கோப் என்ற, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்க்கும்போது முன்தலையோடு நிறுத்திவிடாமல் பிடரியையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிடரி முடியும் உள்ளுக்குள்ளே மெலிந்துகொண்டிருக்கும், வெளியில் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு எந்த முறையும் சரிவராது, எடுத்து நட்ட முடியும் பின்னாலேயே மெலிந்துவிடும். இதைப் பார்க்காமல் முதல் நாளே முன்பணம் கேட்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

22 வயதில் ஏன் அவசரப்படக் கூடாது

22 வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பையன் போனில் ஒரு நடிகர் படத்தைக் காட்டுவான், அதே மாதிரி நேராக, தாழ்வாக ஹேர்லைன் வேண்டும் என்பான். வைத்தும் விடுவார்கள். முப்பதைத் தொடும்போது அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி கொட்டிவிடும். முன்னால் ஒரு பட்டை, பின்னால் வெற்றிடம். அப்படிப்பட்ட தலைகள் சரிசெய்யச் சொல்லி எங்களிடம் வரும். பிடரியைப் பார்த்தால் எடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. நல்ல டாக்டர்கள் 25-க்குக் கீழே உள்ளவர்களை மருந்தோடு திருப்பி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களில் சிலர் கோபித்துக்கொண்டு, தெருமுனையில் உள்ள வேறொரு இடத்துக்குப் போய்ச் செய்துகொள்வார்கள். அது வேறு கதை.

மருந்து என்றால் இரண்டு. தலையில் தடவுகிற மினாக்சிடில். தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரை. அந்த மாத்திரை அமெரிக்காவில் 1997-இல் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. மினாக்சிடில் ஆரம்பித்த சில வாரத்தில் முடி கூடுதலாகக் கொட்டும். பயந்துபோய் நிறுத்துபவர்கள்தான் அதிகம். பழைய முடி விழுந்து புதுசு கிளம்பும் நேரம் அது, தாண்டிவிட்டால் அடங்கிவிடும். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து பூனைக்கு விஷம். தடவின தலையணையை அது நக்கக்கூட விடக் கூடாது. ஃபினாஸ்டரைடு டி.எச்.டி.யைக் குறைக்கும், இருக்கிற முடியைக் காப்பாற்றும். நூற்றில் சிலருக்கு ஆசை குறைவது, விறைப்பு குறைவது, மனம் சோர்ந்துபோவது போன்ற தொந்தரவுகள் வரும். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றாலும் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகாமல் ரத்ததானமும் செய்யக் கூடாது. நண்பர்கள் குரூப்பில் ரத்தம் கேட்டதும் ஓடுகிற தம்பிகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரியக் குறைந்தது ஆறு மாதம், நிதானமாகப் பார்க்க ஒரு வருஷம் வேண்டும். நிறுத்தினால் காப்பாற்றியதும் போய்விடும். நட்ட பிறகும் மருந்து தேவைப்படும், ஏனென்றால் நடவு புது முடியை வைக்குமே தவிரப் பக்கத்தில் இருக்கும் பழைய முடி கொட்டுவதை நிறுத்தாது. "நட்டுவிட்டால் மாத்திரை வேண்டாம்தானே?" என்று கேட்பவர்கள் நடாமலே இருக்கலாம்.

பிடரிக் கணக்கு

முடி தோலிலிருந்து ஒவ்வொன்றாக வருவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு என்று கொத்தாக வரும். அந்தக் கொத்துதான் ஒரு கிராஃப்ட். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 முதல் 90 கொத்து இருக்கும். அதில் பாதி போகும் வரை பார்ப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதனால் நடும்போதும் 35, 40 அளவுக்குத்தான் வைப்பார்கள். முன்நெற்றியில் 40 சதுர சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 1,600 கிராஃப்ட். இது வரைக்கும் பிரச்சினை இல்லை.

இப்போது ஆறாம் படி வழுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காலி இடம் 200 சதுர சென்டிமீட்டர் வரை போகும். அதே அடர்த்தியில் நிரப்ப 8,000 கிராஃப்ட் வேண்டும். பிடரி வெளிறித் தெரியாமல் ஒருவர் ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது பொதுவாக ஐந்தாயிரம், ஆறாயிரம்தான். சிலருக்கு அதுவும் இருக்காது. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே 24 வயதில் நெற்றியை ஒரு விரல் தாழ்த்தி அழகு பார்க்க 3,000 கிராஃப்ட் கொடுத்துவிட்டால், 40 வயதில் உச்சிக்கு வைக்க இருக்காது. இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிடரியில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கொத்து, பாதுகாப்பாக எடுக்க எத்தனை, இந்த முறை எத்தனை, மிச்சம் எத்தனை. நான்கு எண். எழுதித் தர மறுத்தால் காரணம் இருக்கும்.

எஃப்.யூ.டி.: தோலைப் பட்டையாக எடுப்பது

இரண்டு காதுக்கும் நடுவே, பிடரியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளப் பட்டையாகத் தோலை எடுத்துவிட்டு, மேலும் கீழும் இழுத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டை எங்கள் மேஜைக்கு வரும். வாழைத்தண்டு நறுக்குவது மாதிரி முதலில் மெல்லிய வில்லைகளாக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு வில்லையிலிருந்தும் கொத்துக் கொத்தாகப் பிரிக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வேர் முழுசாகத் தெரியும். அதனால் பழகிய கையில் வேர் அறுபடுவது குறைவு, சுற்றிலும் கொஞ்சம் சதையும் ஒட்டியிருக்கும். இந்தக் கிராஃப்டைத்தான் எனக்குப் பிடிக்கும். தடியாக, ஈரமாக, கிடுக்கியில் பிடித்தால் நிற்கும்.

இதில் எடுப்பது பிடரியின் நட்ட நடுவிலிருந்து. எவ்வளவு வழுக்கை விழுந்தாலும் கடைசி வரை தங்குகிற இடம் அது. சுற்றியுள்ள முடியைச் சிரைக்க வேண்டியதும் இல்லை. மேல்முடி இறங்கித் தையலை மூடிவிடும். அடுத்த வாரம் ஆபீஸ் போகிறவருக்கு இது பெரிய வசதி. பின்னால் தேவைப்பட்டால் அதே கோட்டின் மேல் இன்னொரு பட்டை எடுக்கலாம், அதற்கப்புறம் எஃப்.யூ.இ.யும் செய்யலாம். படி ஐந்து, ஆறு வரை போகும் என்று குடும்பமே சாட்சி சொல்லும் தலைக்கு, எதிர்காலத்தில் அதிக கிராஃப்ட் தேவை என்றால், இது இன்றும் நல்ல வழி. பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யக் கற்றுக்கொள்ளாதவர்கள்.

குறையும் உண்டு. ஒரு காதிலிருந்து மறு காது வரை கோடாகத் தழும்பு இருக்கும். நன்றாகத் தைத்தால் மெல்லிய கோடு, ஆறுகிற விதம் சரியில்லை என்றால் பட்டையாக விரியும். பின்முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். பத்துப் பதினாலு நாளில் தையல் பிரிப்பார்கள். பிடரி சில வாரம், சிலருக்குச் சில மாதம் மரத்துப்போன மாதிரி இருக்கும். ஜிம்மில் கனமாகத் தூக்குகிறவர்கள் தழும்பு விரியாமல் இருக்க நிறுத்திவைக்க வேண்டும், எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். காது குத்தின இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில் தடித்த தழும்பு விழுகிற உடம்பு என்றால் எஃப்.யூ.டி. பக்கமே போக வேண்டாம்.

எஃப்.யூ.இ.: ஒவ்வொன்றாக எடுப்பது

2002-இல் ராஸ்மன், பெர்ன்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை. 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சின்னப் பஞ்ச், அதாவது குழாய் மாதிரி வட்டமான வெட்டுக்கருவி வைத்து, கொத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி, கிடுக்கியால் வெளியே இழுப்பார்கள். தையல் கிடையாது. சில நாளில் பொருக்கு விழுந்து ஆறிவிடும். பின்முடியை மெஷின் போட்டு ஒட்ட வெட்டுகிற பழக்கம் உள்ளவருக்கு, முன்னோரங்களை மட்டும் கொஞ்சம் நிரப்பினால் போதும் என்பவருக்கு, பிடரித் தோல் இறுக்கமாக இருப்பவருக்கு இதுதான் பொருந்தும். தாடியிலிருந்து எடுப்பதென்றாலும் இதுதான் வழி.

பஞ்ச் பிடிக்கிறவருக்கு வேர் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு வெளியே முடி ஒரு கோணத்தில் நிற்கும், உள்ளே வேறு கோணத்தில் திரும்பும். சுருட்டை முடிக்கு உள்ளேயும் வளைவு. கோணம் தப்பினால் வேர் பாதியில் அறுந்துபோகும். தட்டில் வந்து விழும்போது மேஜையில் இருக்கிற எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்தாவது மணி நேரத்தில் கை சோர்ந்தபிறகு அறுந்தது கூடுவதும் தெரியும். "ஒரே நாளில் 4,000, 5,000 கிராஃப்ட்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஐந்தாவது மணி நேரம்தான். உடம்புக்கு வெளியே இருக்கிற நேரம் கூடக்கூடக் கிராஃப்ட் பிழைப்பதும் குறையும். முடிந்தால் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து, எடுக்கக் கூடாத இடத்திலிருந்தும் எடுத்துவிடுவது. எண்ணிக்கை வேண்டும் என்பதற்காக உச்சி ஓரம் வரை, கழுத்து ஓரம் வரை போய்விடுவார்கள். அந்த ஓரங்கள் நாளைக்கு வழுக்கையாகக்கூடிய இடம். அங்கிருந்து எடுத்து நட்ட முடியும் பின்னால் கொட்டிவிடும், எடுத்த புள்ளியும் வெளியே தெரியும். ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்தாலும் பிடரி திட்டுத்திட்டாக வெளிறிப்போகும்.

மொட்டை போடுவீர்களா?

வெளிநாட்டு வீடியோக்களில் இந்தக் கேள்வி வராது. நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது. பழனி, திருப்பதி என்று வேண்டுதல் இருக்கும். குழந்தை பிறந்தால் மாமனார் வீட்டார் வேண்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா போனால் காரியத்தன்று தலை மழிக்கும் வழக்கம் உள்ள குடும்பம் என்றால் பேச்சே இல்லை.

"தழும்பே இல்லாத எஃப்.யூ.இ." என்று சொல்வார்கள். புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கும். கோதுமை நிறத் தோலில் அது கலந்துவிடும். நம்மில் பலருடைய கருத்த தோலில் வெள்ளைப் புள்ளிகளாக எடுத்துக்காட்டும். முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறைந்துவிடும், ஆனால் மழித்த நாளில் தெரியும். எஃப்.யூ.டி. என்றால் அதே நாளில் ஒற்றைக் கோடு தெரியும். வருஷா வருஷம் மொட்டை போடுகிறவர், எதிர்காலத்தில் மொத்தமாக மழித்துவிட்டுத் திரியலாம் என்று நினைக்கிறவர், எண்ணிக்கை குறைவான எஃப்.யூ.இ.யோடு நிற்பது நல்லது. வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறைதான் மழிப்பேன், பத்து நாள் கோடு தெரிந்தால் என்ன என்பவருக்கு எஃப்.யூ.டி. தடையில்லை. மழித்தால் நட்ட முடிக்கு ஏதாவது ஆகுமா என்றும் கேட்பார்கள். ஆகாது, வேர் உள்ளே இருக்கிறது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இல்லை. வெட்டுப்பட்ட நுனி கைக்குத் தடியாகத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

டி.எச்.ஐ., சஃபையர், பயோ

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டி.எச்.ஐ. என்பது தனி முறை என்று சொல்ல முடியாது. எடுப்பது எஃப்.யூ.இ. மாதிரியேதான், நடும்போது கீறல் போட்டுக் கிடுக்கியால் வைக்காமல் பேனா மாதிரி ஒரு கருவியில் ஏற்றி நேரடியாகச் செருகுவார்கள். சோய் பேனா என்ற அந்தக் கருவி தென்கொரியாவில் கியுங்புக் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஏற்கெனவே முடி இருக்கிற இடத்துக்குள் இடைஇடையே நட அது வசதி, பழகிய கை வேண்டும், கட்டணம் கூடும். சஃபையர் என்பது கீறல் போடும் பிளேடு எதனால் ஆனது என்பது; எஃகுக்குப் பதில் நீலக்கல். பயோ என்று முன்னால் சேர்த்தால் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற, தட்டணுக்கள் நிறைந்த பி.ஆர்.பி. திரவத்தைக் கூடவே போடுகிறார்கள் என்று அர்த்தம். எடுக்க இருப்பது இரண்டே வழி, மற்றதெல்லாம் அதன் மேல் ஏறிய விலை. வலியே இல்லை என்பதும் விளம்பரம்தான். மரத்துப்போக ஊசி போடும் முதல் பத்து நிமிஷம் வலிக்கும்.

யார் கையில் படுக்கிறீர்கள்

முறையைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சொன்னால் என் வேலைக்கே எதிராகப் பேசுவதாகச் சொல்வார்கள், பரவாயில்லை. பல இடங்களில் டாக்டர் வந்து பேனாவால் கோடு வரைந்துவிட்டுப் போய்விடுவார்; எடுப்பது, கீறுவது, நடுவது எல்லாம் எங்களைப் போன்ற டெக்னீஷியன்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் இதைச் செய்ய வேண்டும், நாங்கள் அவருடைய மேற்பார்வையில் உதவி மட்டும் செய்யலாம், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் இருக்கிறது. 2016-இல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். மரத்துப்போகும் மருந்து எடைக்குத் தக்க அளவைத் தாண்டினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். பார்லர் நாற்காலியில் செய்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

ஆகவே நேரடியாகக் கேளுங்கள். பஞ்ச் யார் கையில் இருக்கும்? கீறல் யார் போடுவார்? அன்றைக்கு வேறு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? டாக்டர் முழு நேரமும் கட்டடத்துக்குள் இருப்பாரா? ஆக்சிஜன், அவசர மருந்து, மானிட்டர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு போட்டு உங்களோடு ஒரு மணி நேரம் பேசுகிறவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஆள். சர்க்கரை, ரத்தம் உறைவது, மஞ்சள் காமாலை வகைகள், எச்.ஐ.வி., இ.சி.ஜி. இதெல்லாம் பார்க்காமல் தேதி கொடுத்தால் போகாதீர்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரை, மூச்சிரைப்பு, வலிப்பு, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்கவும் மறைக்காதீர்கள்.

துருக்கியில் இஸ்தான்புல் போய்ச் செய்துகொள்ளலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கேயும் நல்ல டாக்டர் உண்டு, டெக்னீஷியன்களே நடத்தும் இடமும் உண்டு. இரண்டாம் வாரம் பொருக்கில் சீழ் வைத்தால் யாரிடம் காட்டுவீர்கள் என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

பணம்

சென்னையில் ஒரு கிராஃப்டுக்கு 25, 30 ரூபாய் என்று பலகை வைத்தவர்களும் இருக்கிறார்கள், அதைப்போல மூன்று நான்கு மடங்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 50 ரூபாய் என்று வைத்தால் 2,000 கிராஃப்டுக்கு ஒரு லட்சம். அழகுக்காகச் செய்வது என்பதால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, ஆக 1,18,000. மருத்துவக் காப்பீடு தராது. வரி சேர்த்தா, மருந்து சேர்த்தா, பி.ஆர்.பி. சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

கிராஃப்ட் கணக்கிலே பேசுகிறார்களா, முடிக் கணக்கிலே பேசுகிறார்களா என்பதும் முக்கியம். 2,000 கிராஃப்ட் என்றால் ஏறத்தாழ 4,000 முடி. "4,000" என்று மட்டும் சொன்னால் எது என்று கேளுங்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் மூன்று முடிக் கொத்தைக் கீறி ஒற்றை ஒற்றையாக ஆக்கச் சொல்வார்கள். ஒரு கிராஃப்ட் மூன்றாகிவிடும், பில்லும் மூன்றாகிவிடும். முன்வரிசைக்கு ஒற்றை முடி தேவைதான், அதை இயற்கையாகவே ஒற்றையாக இருப்பதிலிருந்து எடுக்கலாம். ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று எத்தனை என்று பிரித்து எழுதிய தாள் தியேட்டரில் கட்டாயம் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதித்தான் வைக்கிறோம்.

செய்த பிறகு

முதல் சில நாள் தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கும், தானே வடியும். நட்ட இடத்தில் விரல் படக் கூடாது. ஹெல்மெட்டுக்குச் சுமார் இரண்டு வாரம் விடுப்பு என்பதால் பைக்குக்கும் விடுப்பு. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் தேதி வாங்காதீர்கள், வியர்வையும் வெயிலும் படுத்தும். பீடி, சிகரெட்டை முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்தால் கிராஃப்ட் பிடிக்காது.

இரண்டு வாரத்திலிருந்து நட்ட முடி கொட்டும். எல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு போன் செய்வார்கள். வேர் உள்ளேதான் இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடியாக எட்டிப்பார்க்கும், ஒன்பது மாதத்தில் ஒரு உருவம் வரும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம். உச்சிக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

கல்யாணத் தேதி குறித்துவிட்டு ஓடி வருபவர்களுக்கும் இதே கணக்குதான். அடுத்த தையில் கல்யாணம் என்றால் இந்தத் தைக்குள் நட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் முகூர்த்தம் என்று வந்தால் நடவே நடாதீர்கள், கொட்டுகிற மாதத்தில்தான் தாலி கட்டுவீர்கள். கடையில் கெரட்டின் ஃபைபர் என்று தலையில் தூவுகிற பொடி கிடைக்கும். உங்கள் முடி நிறத்துக்கு வாங்கி, ஏற்கெனவே முடி இருக்கிற இடத்தில் தூவி, மேலே ஸ்பிரே அடித்துக்கொண்டால் ரிசப்ஷன் லைட்டையும் தாங்கும், போட்டோவிலும் தெரியாது. அபிஷேகத் தண்ணீர் தெளிக்கும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.